வீட்டுக் காப்புறுதியும் திருத்தச் செலவு மதிப்பீடும்

பலெர்மோவின் பழைய மாடிவீடுகளில் கூரைக்கு மேலே தண்ணீர்த் தாங்கிகள் இருப்பதை யாவரும் அறிவோம். தாங்கியோ குழாயோ வெடித்தால் முதலில் நனைவது கீழ்வீட்டுச் சுவர்தான். இங்குள்ள மணற்கல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். காய மாதக்கணக்கு ஆகும்.

எமது அடியார் குடும்பம் ஒன்றுக்கு இப்படி நேர்ந்தது. பிள்ளையின் பிறந்தநாள் வருகிறதென்று பூச்சைக் கொத்தி வெள்ளையும் அடித்துவிட்டார்கள். உடைந்த குழாய்த் துண்டை மேசன் குப்பையில் போட்டுவிட்டார். காப்புறுதி நிறுவனத்தின் 'பெரித்தோ', அதாவது சேதத்தைக் கணிப்பவர், வந்தபோது காட்ட ஒன்றுமில்லை. பணமும் கிடைக்கவில்லை.

தண்ணீரை நிறுத்துவது, கசிவை அடைப்பது போன்ற அவசர வேலைகளைச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். இத்தாலியக் குடியியற் சட்டத்தின் 1914ஆம் பிரிவு சேதத்தைக் குறைக்க முயலும்படி சொல்கிறது. ஆனால் படம் எடுத்து, உடைந்த துண்டையும் பத்திரப்படுத்திய பின்பே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். 1913ஆம் பிரிவின்படி, சம்பவம் நடந்த அல்லது அதை நீங்கள் அறிந்த நாளிலிருந்து 3 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தொலைபேசியோடு நில்லாமல் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

வாடகைக்கு இருப்போர் கவனிக்க: சுவர் வீட்டுச் சொந்தக்காரருடையது, கட்டிலும் அலுமாரியும் உங்களுடையவை. மாடிக்கட்டடம் முழுவதற்கும் பொதுக் காப்புறுதி உண்டா என்று கட்டட நிர்வாகியிடம் முதலில் கேளுங்கள். மேல்வீட்டுக் குழாய் என்றால் அவருடைய காப்புறுதியும் பொறுப்பேற்கக்கூடும்.

இனி 'பிரெவென்தீவோ', அதாவது திருத்தச் செலவு மதிப்பீடு. மேசனார் ஒரு தாளில் "எல்லாம் சேர்த்து 2,000 யூரோ" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பழைய பூச்சை அகற்றல், இடிபாட்டை ஏற்றிச் செல்லல், புதுப் பூச்சு, வர்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதுர மீற்றர், மீற்றருக்கு என்ன விலை என்பது இருக்க வேண்டும். பெறுமதி சேர் வரி தனியாகக் காட்டப்பட வேண்டும். கசிவு இருக்கும் இடத்தைத் தேடிச் சுவரை உடைக்கும் செலவு வேறு. அது உங்கள் ஒப்பந்தத்தில் 'ரிச்சேர்க்கா குவாஸ்தோ' என்ற பெயரில் இருந்தால்தான் கிடைக்கும். இரண்டு பேரிடமாவது மதிப்பீடு வாங்குங்கள்.

கணக்கு எப்படி வருகிறது? வீட்டை மீளக் கட்ட 120,000 யூரோ வேண்டும், நீங்கள் 90,000க்குத்தான் காப்புறுதி செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது முக்கால் பங்கு. ஆகவே 2,000 யூரோச் சேதத்துக்கு 1,500தான் கணக்காகும் (1907ஆம் பிரிவு). அதிலிருந்து 'பிராங்கீஜியா' எனும் உங்கள் சொந்தப் பங்கு 200 என்றால் அதுவும் போக 1,300. 'பிரிமோ ரிஸ்கியோ அசொலூத்தோ' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த முக்கால் கணக்கு பொருந்தாது. நம்மவர் பலர் தவணை குறைவு என்று பார்க்கிறார்களே ஒழிய இச்சொற்களைப் பார்ப்பதில்லை.

கடைசியில் நீட்டப்படும் 'குவியெத்தான்சா' பற்றுச்சீட்டில் 'ஆ சால்தோ' என்றிருந்தால் அதுவே முழுத் தீர்வு. ஒப்பமிட்டபின் மேலும் கேட்பது மிகக் கடினம். தொகை போதாதென்றால் 'இன் அக்கொன்தோ', அதாவது பகுதிப் பணமாக, ஏற்கிறேன் என்று எழுத்தில் கேட்கலாம். பெரித்தோவின் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோய், மொழி தெரிந்த பிள்ளைகளோடு இருந்து, உங்கள் மதிப்பீட்டோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஆனால் நாளைக் கடத்த வேண்டாம்: 2 ஆண்டுகள் சென்றால் உரிமை காலாவதியாகும். இடையில் அனுப்பும் பதிவுத் தபால் அந்தக் காலத்தைப் புதிதாக எண்ண வைக்கும். அதன் சீட்டையும் கோவையில் வையுங்கள்.