மூச்சை எண்ணுதல்

நுழையும்முன்

நோய் ஒன்றே, எனினும் ஒருவர் வீட்டிலிருந்தே நலம் பெறுகிறார், மற்றொருவருக்கு மருத்துவமனை தேவைப்படுகிறது. இம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது? நிமோனியாவை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

நிமோனியா

நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் கிருமித்தொற்றால் நீரும் சீழும் நிறைவதே நிமோனியா. இதனால் குருதியில் ஆக்சிஜன் கலப்பது தடைப்படுகிறது. அக்குறையை ஈடுசெய்ய உடல் விரைந்து மூச்சுவிடுகிறது. ஆகவே, மூச்சின் வேகம் நோயின் கடுமையை உணர்த்துகிறது.

ஐந்து வினாக்கள்

பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து நாடுகளின் நோயாளிகளை ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டு 'கர்ப்-65' என்னும் மதிப்பீட்டுமுறை வெளியிடப்பட்டது. அது பெரியவர்களுக்கு உரியது. புதிதாகத் தோன்றிய மனக்குழப்பம் உண்டா? குருதியில் யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல் உள்ளதா? மூச்சு நிமிடத்திற்கு 30 அல்லது அதற்கு மேலா? இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90க்குக் கீழோ, கீழ் அளவு 60 அல்லது அதற்குக் குறைவாகவோ உள்ளதா? வயது 65 அல்லது அதற்கு மேலா? 'ஆம்' என்னும் விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

சுழியமோ ஒன்றோ எனில், பெரும்பாலும் வீட்டிலேயே சிகிச்சை பெறலாம். இரண்டு எனில், மருத்துவமனைக் கவனிப்புத் தேவைப்படலாம். மூன்றும் அதற்கு மேலும் கடும் நோயைக் குறிக்கும். தீவிர சிகிச்சை தேவையா என்பதையும் மருத்துவர் ஆராய்வார்.

எண்ணுக்கு அப்பால்

மதிப்பெண் மட்டுமே முடிவு செய்வதில்லை. இருபத்தைந்து வயது இளைஞர் சுழியம் பெற்றிருப்பினும், அவரது குருதியில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். விரல்நுனியில் பொருத்தும் ஆக்சிமீட்டர் அதனைக் காட்டிவிடும். மாத்திரையை விழுங்க இயலாதவரையும், உடனிருந்து பேண எவருமற்றவரையும் வீட்டிற்கு அனுப்புவது தகாது.

முதியோரிடம் காய்ச்சலோ இருமலோ வெளிப்படையாகத் தோன்றாமலும் போகலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று பேரனின் பெயரை மாற்றி அழைத்தால், 'வயதாகிவிட்டது' என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். அக்குழப்பமே நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அவ்வேளையில் இழக்கும் ஒரு நாள், உயிரையே இழக்கச் செய்யலாம்.

நம் கடமை

நோயாளி அமைதியாக இருக்கும்போது மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணுங்கள். எண்ணுவதை அவர் அறிந்தால் மூச்சின் இயல்பு மாறிவிடும். மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டுச் சிகிச்சையில் இருப்பவர் இரண்டு நாள்களில் தேறாவிடில் மீண்டும் மருத்துவரை நாட வேண்டும்.

சிந்தனை வினா

'மதிப்பெண் மருத்துவருக்குத் துணையே. மாற்று அன்று' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.