முட்டை தெரியவில்லை என்றால் புழு இல்லையா?

சிங்கப்பூரில் 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி அது நீங்கியது. சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தைக்குப் பக்கத்துப் புளோக்கில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்திருக்கிறது. ஐந்து வயதுத் தம்பி அதை மடியிலிருந்து இறக்குவதே இல்லை. குட்டியின் மலத்தைச் சோதித்த கால்நடை மருத்துவர், “புழு முட்டை எதுவும் தெரியவில்லை” என்கிறார். “அப்படியானால் புழு இல்லைதானே?” என்று அம்மா உங்களைக் கேட்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

முதலில் சோதனை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். அடர்த்தி பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். அதுதான் இங்கே பயன்படுகிறது. நிறைவுற்ற உப்புக் கரைசலின் அடர்த்தி ஒரு கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம். உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றின் முட்டைகள் அதைவிட அடர்த்தி குறைந்தவை. மலத்தை அக்கரைசலில் கலக்கி, வடிகட்டிச் சிறிது நேரம் வைத்தால் முட்டைகள் மேலே மிதக்கும். அவற்றை மெல்லிய கண்ணாடித் துண்டில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

ஆக, இந்தச் சோதனை தேடுவது முட்டையை, புழுவை அல்ல. குடலில் புழு இருந்தும் முட்டை தெரியாமல் போகப் பல காரணங்கள் உண்டு. பூனையின் உருண்டைப்புழு வளர்ந்து முட்டையிட ஏழெட்டு வாரங்கள் ஆகலாம். ஆண் புழு மட்டும் இருந்தால் முட்டையே இராது. எடுத்த சிறு மாதிரியில் முட்டை அகப்படாமலும் போகலாம். நாடாப்புழுவோ முட்டைகளைத் தன் உடல் துண்டுகளுக்குள் வைத்தே வெளியேற்றும். அரிசி மணி போன்ற அத்துண்டுகளை வெறும் கண்ணால் பார்க்கலாம். உப்புக் கரைசல் அவற்றைத் தவறவிடலாம்.

எதிர்மாறான தவறும் நடக்கும். மகரந்தத் துகளையோ காற்றுக் குமிழையோ முட்டை என்று நினைத்துவிடலாம்.

இந்த இரண்டு தவறுகளையும் அளக்க அறிவியலில் இரண்டு சொற்கள் உள்ளன. புழு உள்ளவற்றில் எத்தனையைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது ‘உணர்திறன்’. புழு இல்லாதவற்றில் எத்தனையை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்கிறது என்பது ‘தனித்தன்மை’.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 பூனைகளில் 20க்குப் புழு இருக்கிறது. சோதனையின் உணர்திறன் 80%, தனித்தன்மை 90%.

புழு உள்ள 20 பூனைகளில் 16 பிடிபடும், 4 தப்பிவிடும்.
புழு இல்லாத 80 பூனைகளில் 72க்குச் சரியான முடிவு கிடைக்கும். 8க்குத் தவறாக ‘உண்டு’ என்று வரும்.

‘உண்டு’ என்று வந்தவை மொத்தம் 24. அவற்றில் உண்மையில் புழு உள்ளவை 16தான், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ‘இல்லை’ என்று வந்த 76இல் 4க்குப் புழு இருக்கிறது. உங்கள் குட்டி அந்த நான்கில் ஒன்றாக இருக்கலாம்.

மறுபடி சோதித்தால் போதுமா? மாதிரியில் முட்டை அகப்படாததுதான் காரணம் என்றால், மறுசோதனை உதவும். புழு இன்னும் முட்டையிடத் தொடங்கவில்லை என்றால், ஒரே வாரத்தில் மூன்று முறை பார்த்தாலும் பயனில்லை. இடைவெளி விட்டுச் சோதிக்க வேண்டும். இதனால்தான் குட்டிகளுக்கு, முட்டை தெரியாவிட்டாலும், மருத்துவர்கள் வழக்கமாகப் புழுநீக்க மருந்து கொடுக்கிறார்கள்.

முட்டை தெரிந்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. இலங்கையில் ஒரு புனுகுப் பூனையிடம் கிடைத்த கொக்கிப்புழுவை 1911இல் ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி விவரித்து, அந்நாட்டின் பெயரால் ‘சிலானிக்கம்’ என்று பெயரிட்டார். அது நாய், பூனை மட்டுமன்றி மனிதரின் குடலிலும் வாழும். ஆனால் அதன் முட்டையும் மற்றக் கொக்கிப்புழுக்களின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். இனத்தைப் பிரித்தறிய மரபணுச் சோதனை தேவை.

இனி அம்மாவுக்குப் பதில் சொல்லலாம்: “இந்த மாதிரியில் முட்டை தெரியவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் சொல்லும் நாளில் மருந்தும் மறுசோதனையும் வேண்டும்.” மலத்தோடு வெளியேறும் உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலையை அடையச் சில வாரங்கள் ஆகும். ஆகவே பூனையின் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். தம்பி சாப்பிடும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்: அதே சோதனை, ஆனால் 100 பூனைகளில் 50க்குப் புழு இருக்கிறது. ‘உண்டு’ என்று வருபவற்றில் எத்தனை உண்மை? (விடை: 45இல் 40.) சோதனை மாறவில்லை; ஆனால் அதன் முடிவை நம்பும் அளவு மாறிவிட்டது. ஏன் என்று யோசியுங்கள்.