நம்மை நாம் காணும் யன்னல்

புதுவருடம் பிறந்ததும் கடைக்காரர் புதுக் கணக்குக் கொப்பி திறக்கிறார். நாமும் "இனிக் கோபப்பட மாட்டேன்", "இந்த வருடம் சந்தோஷமாக இருப்பேன்" என்று தீர்மானிக்கிறோம். ஒரு மாதம் கழியுமுன் பழையபடி ஆகிவிடுகிறோம். காரணம் என்ன? பழைய கணக்கைப் பார்க்காமலே புதுக் கணக்கு எழுதுகிறோம். நம்மை அறியாமலே நம்மை மாற்ற முனைகிறோம்.

தன்னை அறிய உதவும் எளிய முறையொன்றை 1955ஆம் ஆண்டில் ஜோசப் லுப்ட், ஹரி இங்கம் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டனர். இருவரின் பெயர்களையும் இணைத்து இதனை 'ஜோஹாரி யன்னல்' என அழைப்பர். நான்கு கண்ணாடிகள் கொண்ட யன்னல் போல, ஒவ்வொருவரிலும் நான்கு பகுதிகள் உண்டு.

1. திறந்த பகுதி: எனக்கும் தெரியும், பிறருக்கும் தெரியும்.

2. காணாத பகுதி: பிறருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

3. மறைத்த பகுதி: எனக்குத் தெரியும்; பிறருக்குத் தெரியாது.

4. அறியாப் பகுதி: எனக்கும் தெரியாது, பிறருக்கும் தெரியாது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு கமக்காரர் பசளை வாங்குவதற்காக மனைவியின் சங்கிலியை அடகு வைக்கிறார். விளைச்சல் பிழைத்துவிட்டது. மீட்கும் தவணை கடந்ததை வீட்டில் சொல்லவில்லை. இது அவர் மறைத்த பகுதி. மாலையில் அவரது சைக்கிள் சத்தம் கேட்டதும் பிள்ளைகளின் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அது அவருக்குத் தெரியாது. இது அவர் காணாத பகுதி. ஒருநாள் மகள், "அப்பா, எங்களோடு ஏன் எப்போதும் கோபம்?" என்று கேட்கிறாள். அவர் திடுக்கிடுகிறார். அன்றிரவு மனைவியிடம் உண்மையைச் சொல்கிறார். கடன் அன்றே தீரவில்லை. ஆனால் அதைத் தனியே சுமந்த பாரம் இறங்கியது. கடனை அடைக்கும் வழியை இருவரும் சேர்ந்து யோசிக்கத் தொடங்கினர்.

யன்னலைத் திறக்க வழிகள் இரண்டு: கேட்பது, சொல்வது. கேட்டால் காணாத பகுதி குறையும். சொன்னால் மறைத்த பகுதி குறையும். புதிய பொறுப்பொன்றை ஏற்கும்போது அறியாப் பகுதியும் சிறிது வெளிச்சம் பெறும். கூட்டத்தில் வாய்திறக்காத பெண் பொருளாளரானதும் கணக்கைத் திறமையாக நடத்துவதை நம் சங்கங்களில் காண்கிறோமல்லவா?

எனினும் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. நம்பிக்கைக்குரியவரிடம், நம் விருப்பப்படி சொல்வதே நல்லது. எவரையும் வற்புறுத்தக்கூடாது.

பயிற்சி

ஒரு தாளில் யன்னலை வரைந்து முதலாம், மூன்றாம் பகுதிகளை நீங்களே நிரப்புங்கள். பின் உங்களை நன்கறிந்த ஒருவரிடம், "என்னில் நான் காணாத ஒரு நன்மையும் ஒரு குறையும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்; நியாயம் கூறாதீர்கள். நன்றி சொல்லி, இரண்டாம் பகுதியில் எழுதுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. பிறர் நமது குறையைச் சொல்லும்போது நாம் ஏன் கோபப்படுகிறோம்?

2. நாம் வீட்டுக்குள் நுழையும்போது வீட்டில் என்ன மாற்றம் ஏற்படுகிறது?

3. இந்த வருடம் யாரிடம், எதை மனந்திறந்து சொல்லப் போகிறோம்?