பூட்டும் உரிமையும் திறக்கும் உரிமையும்

மன்னார்புரத்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர், குடியிருந்தவர் காலி செய்யும் நாளிலேயே சாவியைத் திரும்பப் பெற்றுக்கொள்வர். தரவுகளை இணையவழி வேறொரு நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கும் மேகக் கணிமையில் இவ்வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியிலிருந்து ஏறத்தாழ 10 கோடி அமெரிக்கர்தம் விவரங்கள் களவுபோயின. பெரும்பாலானவை கடன் அட்டை விண்ணப்பங்கள். தரவு மறையெழுத்தாக்கப்பட்டிருந்தும் பயனில்லை. களவாடியவர் கைப்பற்றிய அணுகல் உரிமையே மறையை அவிழ்க்கவும் இடங்கொடுத்தது.

வீட்டுச் சாவி பூட்டவும் திறக்கவும் ஒன்றே. மேகக் கணிமையிலோ இவை தனித்தனி உரிமைகள். விண்ணப்பங்களைப் பெற்றுச் சேமிக்கும் மென்பொருளுக்குப் பூட்டும் உரிமை போதுமே, திறக்கும் உரிமை எதற்கு? அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையில், எச்சாவியை எவர் எப்போது பயன்படுத்தினர் என்பதைப் பதிவேட்டில் காணலாம். ஓராண்டுப் பதிவையேனும் நோக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. ஆண்டுக்கொருமுறை தணிக்கைக்கென மட்டும் திறப்பாரும் உளரன்றோ! அதன்பின் பயன்படாத உரிமைகளை நீக்கலாம். சாவியையே அழித்தல் வேறு. அழிந்தபின் உரியவர்க்கும் தரவு கிட்டாது. அதனாலேயே அச்சேவை, அழிக்குமுன் 7 முதல் 30 நாள் வரை காத்திருக்கச் செய்கிறது.