இலவசக் கட்டிலின் செலவு

கண்டி தேசிய வைத்தியசாலையின் பொது வாட்டில் கட்டணம் இல்லை. 1971இல் நாடெங்கும் வெளிநோயாளருக்கு விதிக்கப்பட்ட 25 சதமும் 1977இல் நீக்கப்பட்டது. ஆயினும் செலவு உண்டு. ஒரு நோயாளிக்குரிய செலவைக் கணிப்பது எவ்வாறு?

முதலில், அவருக்கென்றே கொடுத்த மருந்து, செய்த பரிசோதனை, சத்திரசிகிச்சை ஆகியவற்றின் செலவைக் கூட்டவேண்டும். அடுத்து, சம்பளம், உணவு, மின்சாரம் முதலிய பொதுச் செலவில் அவரது பங்கைச் சேர்க்கவேண்டும். உதாரணமாக, வாட்டின் மாதப் பொதுச் செலவு 18 இலட்சம் ரூபா. அம்மாதம் நோயாளர் தங்கிய நாட்கள் மொத்தம் 900 எனின், நாளொன்றுக்கு 2,000 ரூபா. ஐந்து நாள் தங்கியவரின் பங்கு 10,000 ரூபா.

கணக்கு இத்துடன் முடியாது. தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் தொழிலாளி பஸ் கட்டணமும் செலுத்தி, நாட்சம்பளமும் இழக்கிறார். இது வைத்தியசாலைக் கணக்கில் ஏறாது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரே நாளில் கிளினிக் நடந்தால் அவருக்கு ஒரு நாட்சம்பளம் மிஞ்சும். பிரிவுவாரியாக அன்றி, ஆள்வாரியாகக் கணக்கிட்டால்தான் இவ்வுண்மை புலப்படும்.