பட்டணத்தில் தங்கப் போறீங்களா? பசுமை விடுதியைப் பார்த்து எடுப்பது எப்படி

விதைத் திருவிழாவுக்கு, இயற்கை அங்காடியில் சரக்கு பேச, கோட்டையில் மனு கொடுக்க என்று நம்மில் பலர் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது சென்னையில் தங்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரில் தெரியும் லாட்ஜில் ரூம் போட்டுவிடுவோம். இப்போது பிள்ளைகள் போனிலேயே பார்த்துப் பதிவு செய்து கொடுத்துவிடுகிறார்கள். அதிலும் "அப்பா இயற்கை விவசாயி ஆச்சே" என்று தேடிப்பிடித்து, பெயருக்கு முன்னால் ஈகோ என்றோ கிரீன் என்றோ போட்டிருக்கிற இடமாகப் பார்த்து எடுக்கிறார்கள். அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம், எதை விசாரித்துவிட்டு அறை எடுக்கலாம் என்று நண்பர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

வங்கியில் கடன் விண்ணப்பம் வந்தால் திட்ட அறிக்கையைப் படிப்போம். ஆனால் அதை மட்டும் வைத்துக் கடன் கொடுக்க மாட்டோம். நேரில் போய், சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கரண்ட் பில் எவ்வளவு என்று பார்ப்போம். கரண்ட் பில் பொய் சொல்லாது. விடுதிக்கும் அதே கணக்குதான். உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்று பாருங்க. வாசலில் வைத்த மூங்கில் தொட்டியையும் சுவரில் வரைந்த மரத்தையும் பார்க்காதீங்க.

முதலில் தண்ணீர். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சாதாரண விடுதிக்கு ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர், நாலு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிக்கு 320 லிட்டர் என்று கணக்கு வைக்கிறது. சலவை, சமையலறை, புல்வெளி இதில் சேராது. நம் கிராமத்துக் குடும்பங்களுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 55 லிட்டர். நூறு அறை, இருநூறு பேர் என்று வைத்தால் நட்சத்திர விடுதிக்கு நாளொன்றுக்கு 64,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் ஐந்து லோடுக்கு மேல். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நிற்கும் தண்ணீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். ஆக, அந்த விடுதி நாலு நாளில் செலவழிக்கும் தண்ணீர், ஒரு ஏக்கருக்கு இரண்டரை அங்குலம் கட்டுகிற ஒரு நீர்.

அந்த லாரி எங்கே போய்த் தண்ணீர் பிடிக்கிறது என்பதுதான் நமக்கு உறைக்க வேண்டிய விஷயம். சென்னையைச் சுற்றியுள்ள விவசாயக் கிணறும் ஆழ்குழாயும்தான் பல லாரிகளுக்கு ஊற்று. பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயிகளிடம் குடிநீர் வாரியமே தண்ணீர் விலைக்கு வாங்கிய காலம் உண்டு. ஒரு வருடம் நெல் போடுவதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று ஆகும். கிணற்றுக்காரருக்குப் பணம் வரும், பக்கத்து வயல்காரரின் கிணறு கேட்பாரில்லாமல் இறங்கும். 2019 கோடையில் சென்னைக்கு ஊற்றிய ஏரிகள் காய்ந்து, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலேறி வந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த ஜூன் மாதம் சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின.

அதனால் போனில் பதிவு செய்யும்போதே கேளுங்க: "தம்பி, உங்களுக்கு மெட்ரோ வாட்டர் லைன் இருக்கா, லாரித் தண்ணியா?" பதில் சொல்லத் தயங்கினால் லாரிதான். அடுத்த கேள்வி மழைநீர்த் தொட்டி. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாக்கியது. கட்டாத இடம் குறைவு, தூர் வாராத இடம்தான் அதிகம். மேலே மூடியிருக்கும், உள்ளே மண் அடைத்திருக்கும். போன பிறகு ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளியே போகும் தண்ணீரும் முக்கியம். இதில் பழைய நகரப் பகுதிக்கு ஒரு நன்மை உண்டு. எழும்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர் போன்ற இடங்களில் பாதாளச் சாக்கடை இருக்கிறது. கழிவு கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகும். நகரத்தின் ஓரத்தில், சாக்கடைக் குழாய் இன்னும் எட்டாத இடத்தில் பளபளவென்று எழுந்திருக்கிற விடுதியில் கழிவு லாரியில் ஏறுகிறது. அந்த லாரி எந்த ஓடையில் கவிழ்க்கிறது என்று யாரும் ரசீது தருவதில்லை. பெரிய விடுதிகள் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பார்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியோடு இந்த நிபந்தனையும் வரும். நிலையம் இருப்பது ஒன்று, ஓடுவது இன்னொன்று. சுத்திகரித்த தண்ணீரைக் கழிப்பறைக்கும் செடிக்கும் திருப்பி விடுகிறீர்களா என்று கேளுங்க. விடுகிறவர் பெருமையாகச் சொல்வார், சில இடங்களில் கூட்டிப் போயே காட்டுவார்கள்.

சான்றிதழ்களைப் பற்றி. லீட், ஐ.ஜி.பி.சி., கிரிகா என்று பல பெயர் உண்டு. இவை வெற்றுக் காகிதம் அல்ல. கிண்டியில் 600 அறைகளோடு 2012-ல் திறந்த ஐ.டி.சி. கிராண்ட் சோழா லீட் பிளாட்டினம் வாங்கியது. அவ்வளவு பெரிய கட்டிடத்தை அந்த அளவுக்குக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை. ஆனால் புதுக் கட்டிடத்துக்குத் தரும் சான்று பெரும்பாலும் அது வடிவமைத்துக் கட்டப்பட்ட விதத்துக்குத் தருவது. பத்து வருடம் கழித்து அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு நடப்பிலுள்ள கட்டிடங்களுக்கான தனிச் சான்று இருக்கிறது. எந்த வருடத்துச் சான்று, எதற்கான சான்று என்று பாருங்க. ஐ.எஸ்.ஓ. 14001 என்று போட்டிருந்தால், சுற்றுச்சூழல் விஷயத்தைக் கவனிக்க ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்; இவ்வளவு தண்ணீர்தான் செலவாகிறது என்று அர்த்தம் இல்லை. நமக்கு இது புதிதல்ல. இயற்கை விளைபொருள் சான்று வாங்கிய எல்லார் வயலிலும் மண்புழு நெளிவதில்லை. சான்றே இல்லாத எத்தனையோ பேர் வயலில் நெளிகிறது.

குளியலறையில் ஓர் அட்டை தொங்கும்: "பூமியைக் காப்போம், துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள்." நல்லதுதான், செய்யுங்க. ஆனால் பச்சைப் பூச்சு வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கிரீன்வாஷிங் என்ற சொல்லே இந்த அட்டையிலிருந்து பிறந்தது. 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆர்வலர், சலவைச் செலவை மிச்சம் பிடிக்கிற ஓட்டல்காரர்கள் அதைப் பூமியின் பெயரில் கேட்கிறார்களே என்று இந்தச் சொல்லைப் போட்டு எழுதினார். அட்டை இருக்கிற அறையிலேயே மேசை மேல் நாலு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறைப் பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை வந்தது. தண்ணீர்ப் பாக்கெட் அதில் உண்டு, பாட்டில் இல்லை. ஆகவே பாட்டில் வைக்காமல் மாடிக்கு ஒரு குடிநீர்க் குழாய் வைத்திருக்கிற விடுதி, சட்டத்துக்காக இல்லாமல் தானாகச் செய்கிறது. அந்த இடத்துக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன்.

ஏ.சி. பற்றிக் கொஞ்சம் கணக்கு. பழைய ஒன்றரை டன் ஏ.சி. ஒரு ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 9 யூனிட். நம் 5 எச்.பி. மோட்டார் இரண்டரை மணி நேரம் ஓடுவதற்குச் சமம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரிவாயு என்றால் ஆறு கிலோ சொச்சம். 24 டிகிரியில் வையுங்க. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. மார்கழி, தை மாதம் சென்னை போகிறவர் இரண்டு பக்கம் சன்னல் உள்ள மின்விசிறி அறையாகக் கேட்டு வாங்கலாம்.

ஆனால் ஏ.சி.யை அணைத்துப் பெருமைப்படுவதற்கு முன் இதையும் பாருங்க. கூட்டம் எழும்பூரில், நீங்கள் தங்கும் பசுமை விடுதியோ பழைய மகாபலிபுரம் சாலையில் இருபது கிலோமீட்டர் தள்ளி. போகவர 40 கிலோமீட்டர் டாக்சி. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் டீசல் வண்டி என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல் எரியும், ஏழு கிலோ கரிவாயு. ஒரு ராத்திரி ஏ.சி.யைவிட அதிகம்! எனவே விடுதி எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் தகுதி. தென் மாவட்ட ரயில் எழும்பூரில் நிற்கும், கொங்குப் பக்கத்து ரயில் சென்ட்ரலில் நிற்கும். இரண்டு இடத்திலும் மெட்ரோ ரயில் உண்டு. பஸ்ஸில் வந்தால் இப்போது கிளாம்பாக்கத்தோடு சரி; அங்கிருந்து மாநகரப் பஸ் பிடிக்கலாம், இல்லை வண்டலூர் போய் மின்சார ரயில் ஏறலாம். வேலை நடக்கிற இடத்துக்கு நடந்தோ மெட்ரோவிலோ போகிற தூரத்தில் அறை எடுங்க.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்தால், எழும்பூரில் வாளியும் சொம்பும் வைத்திருக்கிற ஒரு பழைய லாட்ஜ் பல விஷயத்தில் முன்னால் வந்து நிற்கும். வாளிக் குளியலுக்கு இருபது லிட்டர் போதும். ஷவரில் அது இரண்டு நிமிஷம். அதற்காக எல்லா லாட்ஜும் பசுமை ஆகிவிடாது. ஒழுகுகிற சிஸ்டர்ன் ஒன்று ராத்திரி முழுக்க ஓடி எல்லாச் சிக்கனத்தையும் தின்றுவிடும். அறையைக் காட்டும்போதே கழிப்பறையில் ஒரு நிமிஷம் நின்று சத்தம் கேளுங்க.

கடைசியாகச் சாப்பாடு. நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடத்தை திடக்கழிவு விதிகள் மொத்தக் குப்பையாளர் என்கின்றன. அங்கே மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். எச்சில் இலையும் காய்கறிக் கழிவும் எங்கே போகிறது என்று சர்வரிடம் கேட்டால் மேனேஜர் மறைப்பதும் வெளியே வந்துவிடும். மெனு அட்டையில் "ஆர்கானிக்" என்று போட்டு விலையைக் கூட்டியிருந்தால், யார் வயலில் விளைந்தது என்று கேளுங்க. ஓர் ஓட்டலில் நான் அப்படிக் கேட்டேன். "சார், கோயம்பேட்டுலேர்ந்து வருது சார்" என்றார் பரிமாறியவர், சிரிக்காமல். அப்படிப் பதில் வந்தால் சண்டை போட வேண்டாம். கொள்முதல் பார்க்கிறவர் பெயரை வாங்கிக்கொண்டு, உங்கள் குழு எந்த மாதம் என்ன அரிசி, என்ன காய் எவ்வளவு தர முடியும் என்று ஒரு தாளில் எழ்திக் கொடுத்துவிட்டு வாருங்கள். சான்று எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்க.