ஏழிலை வந்தால் காட்டு ரோஜாவா?

நர்சரியில் வாங்கி வந்த ரோஜாச் செடி புதுக் குருத்து விட்டதும், வீட்டில் யாராவது ஒருவர் இலையை எண்ண ஆரம்பித்துவிடுவார். ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை இருந்தால் நல்ல ரோஜா. ஏழு இருந்தால் காட்டு ரோஜா, உடனே வெட்டு! மாடித்தோட்டக்காரர்கள் இவ்வளவு உறுதியாக நம்பும் விதி வேறு இல்லை. நல்ல கிளைகளை இவ்வளவு காவு வாங்கிய விதியும் வேறு இருக்காது.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். ஒட்டுச்செடியில் வேர் ஒரு ரகம், மேலே பூப்பது வேறு ரகம். வேர்ச்செடியாகப் பல இடங்களில் பயன்படும் மல்டிஃப்ளோரா ரோஜாவுக்கு ஏழு முதல் ஒன்பது சிற்றிலைகள் உண்டு. வேரிலிருந்து அது கிளம்பினால் மேலே உள்ள ரகத்தை அமுக்கிவிடும் என்பதும் சரி. ஆனால் அதே மல்டிஃப்ளோராவின் வாரிசுகள்தான் கொத்துக்கொத்தாகப் பூக்கும் குட்டை ரகங்களில் பல. அவற்றுக்கும் ஏழிலை பிறவியிலேயே வரும். 1932இல் இங்கிலாந்தில் வெளியான ‘தி ஃபேரி’ இரண்டு, மூன்று அடிக்கு மேல் போகாமல் படர்ந்து பூக்கும் ரகம். அதன் பளபளப்பான சின்ன இலைகளை எண்ணி வெட்டத் தொடங்கினால் செடியே மிஞ்சாது. பெரிய பூ விடும் ரகங்களில்கூடச் செழிப்பான கிளையில் ஏழிலை வருவதுண்டு.

பார்க்க வேண்டியது இலையை அல்ல, கிளை புறப்படும் இடத்தை. அடித்தண்டில் ஒட்டுக் கட்டிய இடம் முழங்கை மடங்கியதுபோல் புடைத்திருக்கும். அதற்குக் கீழே கிளம்பியது வேர்ச்செடியின் கிளை. அதை நுனியில் வெட்டாமல், மண்ணை விலக்கி, புறப்பட்ட இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும். புடைப்புக்கு மேலே வந்தது எத்தனை இலை விட்டாலும் நல்ல கிளைதான். குச்சி நட்டோ பதியன் போட்டோ வளர்ந்த செடிக்கு இந்தக் கவலையே கிடையாது. அதில் வேரும் பூவும் ஒன்றே.

ரோஜா வளர்ப்பு பற்றிய பல நம்பிக்கைகள் இப்படித்தான் இடம் மாறி வந்தவை. பிரான்ஸின் லியோன் நகரத்தில் கீயோ என்ற நர்சரிக்காரர் 1867இல் ‘லா ஃப்ரான்ஸ்’ ரோஜாவை வெளியிட்டார். நீண்ட காம்பு, ஒற்றைப் பெரிய பூ என்ற ஹைப்ரிட் டீ வகைக்கு அதையே முதல் ரோஜாவாகச் சொல்வார்கள். சில ஆண்டுகள் கழித்து, குட்டையாக வளர்ந்து கொத்தாகப் பூக்கும் பாலியாந்தா வகையின் முதல் ரோஜாவும் அதே நர்சரியிலிருந்தே வந்தது. முன்னது கண்காட்சி மேடைக்குப் போனது, பின்னது தோட்டத்து ஓரத்துக்குப் போனது. மேடையில் பரிசு வாங்க எழுதிய விதிகளை ஓரத்துச் செடிக்கும் பொருத்துவதால்தான் ரோஜா என்றாலே பெரிய வேலை என்ற பெயர் வந்தது.

கவாத்தையே எடுத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, 45 டிகிரி சாய்வில் வெட்ட வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். பிரிட்டனின் ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டி, செயின்ட் ஆல்பன்ஸில் இருந்த தன் தோட்டத்தில் இதைச் சோதித்தது. சில பாத்திகளை விதிப்படி வெட்டியது. சிலவற்றை வேலி கத்தரிக்கும் இயந்திரத்தால், மொட்டையெல்லாம் பார்க்காமல், ஒரே மட்டத்தில் சீவியது. சீவிய பாத்திகள் பூப்பதில் பின்தங்கவில்லை. புதர் ரோஜாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து வெயில் தணிந்த நாட்களில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்து, காய்ந்த குச்சிகளை நீக்கினால் போதும். கத்தரி மட்டும் கூராக இருக்கட்டும். நசுங்கிய தண்டு நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும்.

அடுத்தது மருந்து. வாராவாரம் பூச்சிமருந்து அடிக்காவிட்டால் ரோஜா பிழைக்காது என்பார்கள். சமவெளி வெயிலில், அதுவும் மார்ச்சுக்குப் பிறகு, நேர்மாறாகவே நடக்கிறது. அப்போதைய முதல் எதிரி சிவப்புச் சிலந்திப்பேன். இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள் தெரியும். திருப்பினால் மெல்லிய நூலாம்படையும், நகரும் தூசி போன்ற பேன்களும் இருக்கும். பல பூச்சிமருந்துகள் இந்தப் பேனைக் கொல்வதில்லை, அதைத் தின்னும் இரைவிழுங்கிகளைக் கொன்றுவிடும். விளைவு, மருந்து அடித்த மறுவாரமே பேன் பெருகும். காலை வேளையில் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது இதைவிட நல்ல வைத்தியம்.

காலையில் என்பது முக்கியம். கரும்புள்ளி நோயைத் தரும் பூஞ்சையின் வித்து முளைக்க, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். ‘செடிக்குக் குளிர்ச்சி’ என்று சாயங்காலம் இலை நனையத் தெளிப்பவர்கள் அந்த ஈரத்தை ராத்திரி முழுக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

சமையலறை உரங்கள் பற்றிச் சுருக்கமாக. முட்டை ஓடு தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். சர்க்கரை கலந்த டீத்தூள் எறும்பைக் கூப்பிடும், எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும். எப்சம் உப்பு ரோஜாவைப் பூத்துக் குலுங்க வைக்கும் என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா சாக்கர்-ஸ்காட் ஆராய்ந்து, ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறார். அது வெறும் மெக்னீசியம் சல்பேட். மண்ணில் மெக்னீசியம் குறைவாக இருந்தால் பயன்படும். ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால், செடி பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் எடுப்பதற்கு இடைஞ்சல்.

குட்டை ரகத்துக்குச் சின்னத் தொட்டியும் கொஞ்சம் நிழலும் போதும் என்பது நகரத்து பால்கனிகளின் நம்பிக்கை. குட்டையானது செடியின் உயரம்தான், அதன் பசி அல்ல. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் தண்டு நீளும், இலை உதிரும், பூ குறையும். கறுப்புப் பையில் நட்டு மொட்டைமாடித் தரையில் நேராக வைத்தால் சித்திரை வெயிலில் வேர் வெந்துவிடும். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத தொட்டி, அடியில் இரண்டு செங்கல் என்று வைப்பது நல்லது. நடும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லாரியில் வரும் நர்சரிச் செடிகள் பலவற்றின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருக்கும். அதை அப்படியே நட்டால் ஊற்றும் தண்ணீர் சுற்றி ஓடி அடியில் வடிந்துவிடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். வாளித் தண்ணீரில் சற்று ஊறவைத்து, வெளிமண்ணை இளக்கிவிட்டு நட வேண்டும்.

‘நோயே வராத ரோஜா’ என்பது புதுக் காலத்து நம்பிக்கை. அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் ராட்லர், கரும்புள்ளி விழுந்த இலைகளைக் காயவைத்துப் பொடித்துத் தன் செடிகள்மேலேயே தூவினார். தாக்குப்பிடித்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த உழைப்பில் பிறந்து 2000இல் சந்தைக்கு வந்த ‘நாக் அவுட்’ ரோஜா அமெரிக்க வீட்டு வாசல்களையெல்லாம் நிறைத்தது. கரும்புள்ளியை அது நன்றாகவே எதிர்த்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேன் பரப்பும் ரோஸ் ரொசெட் வைரஸ் வந்தபோது, வரிசை வரிசையாக நட்ட செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. ஒரு நோயை எதிர்ப்பது எல்லா நோயையும் எதிர்ப்பதாகாது.

பராமரிப்புக் குறைந்த ரகங்களை வாங்குபவர்களிடம் கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: ‘நாக் அவுட்’, ‘தி ஃபேரி’ இரண்டிலும் மணம் பெயரளவுக்குத்தான். மணம் வேண்டுமென்றால் பூக்கடையில் பன்னீர் ரோஜா என்று விற்கும் எட்வர்ட் ரோஜா இருக்கிறது. அது குட்டை அல்ல, நாலைந்து அடி எழும், முள்ளும் அதிகம். அதற்கொரு பெரிய தொட்டியை நல்ல வெயில் படும் மூலையில் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் பட்டன் ரோஜா எனப்படும் குட்டை ரகங்களை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டன் ரோஜாவில் ஏழிலை வந்தால், கத்தரியை எடுக்க வேண்டாம்.